ஏழரை ரூபாய் முதலாளியின் விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் போடும் ஒருவன், கும்பகோணம் பக்கம்.

பெறுநர்: உயர்திரு நிதி மேலாளர் அவர்கள், பொறுப்பு முதலீட்டுத் திட்டம், மும்பை.

பொருள்: என் கம்பெனி ஊழியர் என்னை என் வீட்டு வாசலில் வைத்து ஏசியது தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதத் தேவையில்லை. மாதாமாதம் வரும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தாங்கள் கோட்டு சூட்டுடன் சிரித்துக்கொண்டிருப்பதால் நலம் என்றே தெரிகிறது. தாங்கள் பார்க்கப் பார்க்க எங்கள் ஊர்ப் பணமெல்லாம் வளர்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. இந்தக் கடிதம் புகார் அல்ல. நிர்வாகம் சம்பந்தமாக ஒரு முதலாளி தன் மேலாளருக்கு எழுதும் சிறு குறிப்பு என்று எடுத்துக்கொள்ளவும்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் சென்டர் மீட்டிங். குழு லோனுக்கு என் மனைவிதான் தலைவி என்பதால் திண்ணையும் எங்களுடையதே. அன்றைக்குக் குழுவில் ஒரு பெண் வரவில்லை. புருஷனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்தாள். அவள் டியூ வந்தால்தான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் வசூலுக்கு வந்த தம்பி. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், நடவுக்குப் போக வேண்டியவள், பால்குடிப் பிள்ளைக்காரி என்று எல்லோரும் உச்சி வெயில் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தம்பி போய்விட்டு, தெருவிளக்கு எரிந்த பிறகு தன் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். அந்தப் பெண்ணையும் போன் போட்டு வரவழைத்தார்கள். அடுத்த வாரம் இரண்டு டியூவையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் சார் என்றாள். காலையில் எல்லோரையும் அக்கா, அக்கா என்றவர் இப்போது ஏம்மா என்று ஆரம்பித்தார். நான் உள்ளேயிருந்து வந்து, “தம்பி, குரலைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, அக்கம்பக்கம் இருக்காங்க” என்றேன்.

“நீ யாருய்யா நடுவுல? பொண்டாட்டி லோன்ல உக்காந்து திங்கிறவனுக்கெல்லாம் பேச்சு” என்றார் மேனேஜர். எதிர்வீட்டு மாடியில் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கூட எட்டிப் பார்த்தார்கள்.

நீ யாருய்யா என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் பதிலில்லை, ஐயா. ராத்திரி தங்கள் அலுவலகமே பதில் அனுப்பிவைத்தது. ‘வாழ்த்துகள்! இம்மாத முதலீடு வெற்றிகரமாக நிறைவேறியது’ என்று ஒரு செய்தி, அடியில் திட்டத்தின் பங்குப் பட்டியலுக்கு ஒரு சுட்டி. எனக்குத் தொழில் மெய்ப்புத் திருத்துவது. கல்யாணப் பத்திரிகை முதல் கும்பாபிஷேக மலர் வரை, கையில் வந்த எழுத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெரிய வங்கி, பெரிய மென்பொருள் கம்பெனி, இன்னொரு பெரிய வங்கி என்று வரிசையாக இறங்கி வந்தேன். நடுவில் ‘நிதிச் சேவைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயர். என் மனைவியின் லோன் அட்டையில் காலையில் பார்த்த அதே பெயர். திட்டத்தின் சொத்தில் 1.5 சதவீதம்.

500 ரூபாயில் 1.5 சதவீதம் எவ்வளவு? ஏழு ரூபாய் ஐம்பது காசு. எந்த ஜோசியரும் என் ஜாதகத்தில் கண்டுபிடிக்காத ஏழரையை மாதாமாதம் தேதி தவறாமல் என் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்து எனக்குப் பிடித்துவைத்திருக்கிறீர்கள்.

ஆக, அந்த மேனேஜருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: “தம்பி, நான் உங்க முதலாளி.”

தெரிந்திருந்தால் நடந்துகொண்ட விதமே வேறாக இருந்திருக்கும். முதலாளி நின்றுகொண்டிருக்க, ஊழியர்கள் முதலாளி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் திண்ணை, முதலாளியின் மின்விளக்கு, முதலாளியம்மா கொடுத்த தண்ணீர். வாடகையாக ஒரு பைசா தரவில்லை. நிர்வாகச் செலவு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கம்பெனி நல்ல லாபத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அந்த லாபத்தில் என் ஏழரைக்கு உரிய பங்கும் என்னை வந்து சேரும். நான் திட்டு வாங்கியதற்கும் ஒரு டிவிடெண்டு.

கணக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஐயா. குழு லோனுக்கு வட்டி 25 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பிராசசிங் ஃபீஸும் இன்சூரன்ஸும் முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருகிறார்கள். தங்கள் திட்டத்தில் நீண்ட காலத்துக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கலாம் என்று வங்கி கவுன்ட்டரில் இருந்த பையன் சொன்னான். ஆகவே முதலாளியாகிய நான் கடனாளியாகிய எனக்கு 25-க்குப் பணம் கொடுத்து, அதில் 12-ஐ எனக்கே சம்பாதித்துக் கொடுக்கிறேன். நடுவில் நிற்கும் 13 யாருடைய வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறது என்று மட்டும் தாங்கள் ஒரு வரி எழுதினால் என் போன்ற சிறு முதலாளிகளுக்கு உதவியாக இருக்கும்.

மேனேஜர் அந்தப் பெண்ணிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டேன். “கட்ட முடியலைன்னா செத்துத் தொலை, இன்சூரன்ஸ்ல கழிச்சுக்கிறோம்.”

இதைச் சொல்ல அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நான் கொடுக்கிறேன். நீங்கள் கொடுக்கிறீர்கள். புருஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது ஒருத்தியைத் தெருவில் நிறுத்திச் சாகச் சொல்வதற்கு முதல் போட்டுவிட்டு, அந்த முதல் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று பச்சை அம்புக்குறி போட்டு அனுப்புகிறீர்கள். அவள் செத்திருந்தால் அந்த அம்புக்குறி அரைக்கால் புள்ளி இறங்கியிருக்குமா? இறங்கியிருக்காது. இன்சூரன்ஸ் இருக்கிறதே.

மன்னிக்கவும், ஐயா. ஊழியரிடம் பேசும் முதலாளித் தொனி வந்துவிட்டது. தங்கள் புன்னகைப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்கிறேன்.

என் ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று தோன்றுகிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் இந்தக் கடன்களுக்கென்றே விதிகள் போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவும் ஏசவும் கூடாது. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இம்சிக்கக் கூடாது. பேசிவைத்த பொது இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் கடனாளியின் வீட்டுக்கே போய் வசூல் கேட்கலாம். எங்கள் விஷயத்தில் பொது இடமே என் திண்ணைதான் என்பதால் கடைசி விதி ஒரு மாதிரி குழம்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2025-ல் சட்டமன்றமே கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது. இவ்வளவு சட்டமும் மாலை 6 மணிக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வர பஸ் கிடைக்காமல் நிற்கிறது.

இதையெல்லாம் சுருக்கித் தங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டேன். அழகான பதில் வந்தது. ‘முதலீடு செய்யும் நிறுவனங்களுடன் தொடர் உரையாடலில் இருக்கிறோம், விலகுவதைவிட உள்ளிருந்து மாற்றுவதே பலன் தரும்’ என்று. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளிருந்து மாற்ற இவ்வளவு பேர் பாடுபடுவது தெரியாமல் வாசலில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெய்ப்புப் பார்க்கிறவன் சும்மா இருப்பானா? பங்குதாரர் கூட்டங்களில் ஓட்டுப் போட வேண்டும், போட்டதை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு விதி வைத்திருக்கிறது. முதலீட்டாளர் சார்பாக நிறுவனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே தங்கள் ஓட்டுப் பட்டியலும் இணையத்தில் கிடைத்தது. என் கம்பெனியின் போன ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கைக்கு: ஆதரவு. இயக்குநர் மறுநியமனத்துக்கு: ஆதரவு. நிர்வாக இயக்குநரின் சம்பள உயர்வுக்கு: ஆதரவு. காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் ‘வணிக நலனுக்கு உகந்தது’. இவ்வளவு இனிமையான உரையாடலை நான் கல்யாண வீட்டுச் சம்பந்திகளிடம் கூடக் கேட்டதில்லை.

அடுத்து, என் கம்பெனியின் பொறுப்புணர்வு அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் இதை வெளியிட்டாக வேண்டும். ஒன்பதாவது நெறி வாடிக்கையாளர் நலம். விளம்பரம், தகவல் பாதுகாப்பு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று வகைவகையாக அந்த ஆண்டில் வந்த புகார் எத்தனை, நிலுவை எத்தனை என்று கட்டம் கட்டிக் காட்ட வேண்டும். நியாயமற்ற நடைமுறை என்ற வரிக்கு நேரே ஒரு பூஜ்யம். மை தெறித்ததோ என்று பெரிதுபடுத்திப் பார்த்தேன். சுத்தமான, வட்டமான பூஜ்யம். புகார் எண்ணை லோன் அட்டையின் பின்பக்கத்தில் ஆறு பாயின்ட் எழுத்தில் போட்டால் பூஜ்யம்தான் வரும். எங்கள் அச்சகத்தில் அந்த அளவு எழுத்தைப் பதிப்பாளர் பெயர் போடக் கூட யாரும் கேட்பதில்லை.

பொறுப்பு முதலீட்டுத் திட்டங்களுக்கு 2023-ல் செபி ஆறு வழிகளைப் பிரித்துக் கொடுத்தது. தீய தொழிலை விலக்கி வைப்பது ஒன்று, நல்லதில் சிறந்ததைப் பொறுக்குவது ஒன்று, இப்படி. தாங்கள் தேர்ந்தது ஒருங்கிணைப்பு. அதாவது சமூகப் பாதிப்பு உள்ளிட்ட எல்லாவற்றையும் நன்றாக யோசித்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பிறகு வாங்குவது. அந்தச் சமூகப் பாதிப்புக் கட்டத்தில் என் கம்பெனிக்கு மதிப்பெண் அதிகம் என்பதையும் பார்த்தேன். கடைக்கோடிப் பெண்களுக்கு நிதிச் சேவை தருகிறதாம். கடைக்கோடி என்றால் எங்கள் தெருதான், ஐயா. சேவையும் வந்தது. தெருவிளக்கு எரிந்த பிறகு.

என் கம்பெனியின் முன்னோர்களைப் பற்றியும் தாங்கள் கொஞ்சம் படித்திருப்பீர்கள். 2010 ஆகஸ்டில் ஆந்திரத்தின் எஸ்.கே.எஸ். மைக்ரோ ஃபைனான்ஸ் பங்குச்சந்தைக்கு வந்தது. ஏழைப் பெண்களின் வாரத் தவணையில் ஓடும் கம்பெனி. பங்கு விலை 985 ரூபாய். கொடுக்க இருந்த பங்கைப்போல் 13 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. அதே ஆண்டு கடன் தொல்லைத் தற்கொலைகள் என்று ஆந்திர மாவட்டங்களிலிருந்து அடுக்கடுக்காகச் செய்தி வந்தது. அப்போதெல்லாம் பங்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது, 1,400 பக்கம் வரை. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் சந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இரண்டு ஆண்டுக்குள் அதே பங்கு நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, அநியாய வட்டி வாங்குகிறார்கள் என்று நான்கு கம்பெனிகளைப் புதுக் கடன் கொடுக்க விடாமல் நிறுத்திவைத்தபோதும் இதே கதை. பல வருஷமாக வட்டி கட்டியவர்கள் முனகியபோது ஒரு புள்ளி அசையவில்லை. உத்தரவு வந்த மறுநாள் முதலீட்டாளர்கள் பதறினார்கள். மூன்று மாதத்துக்குள் தடைகள் நீங்கின, பதற்றமும் நீங்கியது.

இதிலிருந்து ஒரு சந்தை ஞானம் பெற்றேன். வாடிக்கையாளர் அழுதால் அது ரிஸ்க் அல்ல. அழுதுகொண்டே கட்டினால் அது ‘வலுவான வசூல் திறன்’. அழுகையை நிறுத்திவிட்டுக் கட்டாமல் இருந்தால் மட்டும் ரிஸ்க்.

ஆகவே ஒரு தாழ்மையான யோசனை. தங்கள் அறிக்கையில் ரிஸ்கோமீட்டர் என்று அரைவட்டம் ஒன்று போடுகிறீர்கள். குறைவு தொடங்கி மிக அதிகம் வரை ஆறு படி, ஒரு முள். என் 500 ரூபாய்க்கு என்ன ஆபத்து என்று அது காட்டுகிறது. பக்கத்திலேயே இன்னொரு அரைவட்டம் போடலாமே, என் 500 ரூபாயால் யாருக்கு என்ன ஆபத்து என்று. முள் செய்ய ஆகும் செலவை என் ஏழரையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்பது ஓர் ஆறுதல். 2013 ஜூலையில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, வாங்கா என்ற கொள்ளை வட்டிக் கம்பெனியை, கடன் சங்கங்களுக்குத் திருச்சபை கைகொடுத்து அவற்றைக் கொண்டே போட்டிபோட்டு ஒழிக்கப்போவதாகச் சொன்னார். அந்தக் கம்பெனியின் ஆண்டு வட்டி விகிதம் அப்போது ஐயாயிரம் சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மறுநாளே பத்திரிகையில் வந்துவிட்டது, திருச்சபையின் பணமே ஒரு நிதி வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பதாக. வருமானத்தில் கால்வாசி வரை வட்டித் தொழிலில் வந்தால் பரவாயில்லை என்று அவர்கள் விதியிலேயே இடம் இருந்ததாம். மறு ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது: அந்தக் கம்பெனி இல்லாத வக்கீல் கம்பெனிகளின் பெயரில் நோட்டீஸ் அடித்துக் கடனாளிகளை மிரட்டியிருக்கிறது. பேராயருக்கே ஏழரை என்றால் மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு ஏன் வராது? ஆனால் அவர் வெட்கப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். திருச்சபையும் அடுத்த ஆண்டு அந்தப் பங்கை உதறியது. தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்தது வாழ்த்துச் செய்தி.

தங்கள் மறுமொழி என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியும். நீங்கள் எல்லோரும் விலகிவிட்டால் இந்தப் பெண்கள் மறுபடி கந்துவட்டிக்காரனிடம்தானே போவார்கள் என்பீர்கள். உண்மைதான். 2003-ல் சட்டம் போட்டும் எங்கள் பக்கம் கந்துவட்டி ஒழியவில்லை. குழு லோன் வந்த பிறகுதான் என் மனைவி தையல் மெஷினை மீட்டாள், அதையும் மறைக்கவில்லை. கடனே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரருக்கும் தங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் தன் காசில் செய்தார். தன் பெயரில் செய்தார். ஊரில் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வழி இருந்தது. நீங்கள் என் காசில், என் பிள்ளையின் படிப்புக்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எனக்கே தெரியாமல் செய்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரியைச் சாகச் சொன்ன வாயில் என் பிள்ளையின் படிப்புச் செலவு இருக்கிறது. முதலீட்டாளரின் நலன்தான் எங்கள் ஒரே கடமை என்கிறீர்களே, அந்த முதலீட்டாளர் நான்தானே? என்னை யார் கேட்டார்கள்?

மறுபடியும் மன்னிக்கவும்.

பங்கை விற்றுவிட்டுப் போ என்று தாங்கள் சொல்லலாம். அதையும் யோசித்தேன். விற்று வரும் பணத்தில் அந்தப் பெண்ணின் டியூவைக் கட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். முதலாளி தன் கம்பெனிப் பங்கை விற்று, தன் கம்பெனிக்குச் சேர வேண்டிய டியூவைத் தானே கட்டித் தன் ஊழியரிடமிருந்து தப்பிப்பது. பெரிய தொழில் குடும்பங்களில் கூட இப்படி ஓர் ஏற்பாடு நடந்திருக்காது. ஒரு வருஷம் முடியாத யூனிட்டுகளுக்கு வெளியேறும் கட்டணம் ஒரு சதவீதம் உண்டு என்றார்கள். பணம் கணக்குக்கு வர இரண்டு மூன்று வேலை நாளாகும் என்றார்கள். அதுவரை திண்ணையில் காத்திருக்கச் சொல்லி என் மேனேஜரிடம் கேட்க முடியாது. அவருக்கும் மாத டார்கெட் இருக்கிறது, அவரையும் மேலே ஒருவர் ஏசுவார், அவருக்கு மேலே இன்னொருவர், கடைசியில் தாங்கள் ‘வசூல் திறன் குறைந்தது ஏன்’ என்று கேட்டு ஒரு வரி அனுப்புவீர்கள். தங்களை ஏசுவதற்கு மேலே யாரும் இல்லை. முதலாளி என்ற முறையில் அந்த வேலை என்னுடையதுதான், எனக்கு ஏச வராது.

ஆகவே இரண்டே வேண்டுகோள்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநரின் சம்பளத் தீர்மானம் வரும்போது, வசூல் முறை பற்றி வெளியாள் தணிக்கை நடக்கும் வரை ‘எதிர்ப்பு’ என்ற கட்டத்தில் ஒரு டிக். காரணம் என்ற கட்டத்தில் எங்கள் தெருவின் பெயரை எழுதினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் நானே மெய்ப்புப் பார்த்து அனுப்புகிறேன், இலவசமாக.

அது முடியாதென்றால் இரண்டாவது. தங்கள் ஆப்பில் யூனிட் வாங்க ஒரு பொத்தான், விற்க ஒரு பொத்தான், மாதத் தொகையைக் கூட்ட ஒரு பெரிய ஆரஞ்சு நிறப் பொத்தான் இருக்கிறது. என் 500-இல் அந்த ஏழரையை மட்டும் பிரித்து எடுக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். பதிலைக் காலை 9-க்கும் மாலை 6-க்கும் நடுவில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
1.5 சதவீதம்